அம்மா கூப்பிடக் கூடாத ஒரு சொல்

கடிதம் எழுதியவர் அமெரிக்காவில் இருபது வருடங்களுக்கும் மேலாக வாழும் ஒரு தமிழ்த் தாய். யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

ஒரே மகள். தென் மாநிலம் ஒன்றில், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. போன வசந்த காலத்தில் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், கறுப்பினப் பெண்கள் நூறு வருடங்களுக்கு முன்பு தொடங்கிய சொரோரிட்டி ஒன்றில், அதாவது கல்லூரிப் பெண்களுக்கான சங்கம் ஒன்றில், சேர்ந்துவிட்டாள். அதிலிருந்து போனில் அவள் பேச்சு முழுவதும் லைன் சிஸ்டர், நியோ, சாண்ட்ஸ், ஏஸ். அவளோடு அறையில் இருக்கும் பெண் வேறொரு சொரோரிட்டி. அவள் யாரையோ ‘பிக்’ என்கிறாள், இன்னொருத்தியை ‘ஜி-பிக்’ என்கிறாள், எல்லோரும் சேர்ந்து ‘என் ஃபேமிலி’ என்கிறார்கள். விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது, கடை வாசலில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு டாக்டர் அம்மாள் இவள் சட்டையில் இருந்த எழுத்துகளைப் பார்த்ததும் “சொரோர்!” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். அன்று ராத்திரி அம்மா விளையாட்டாக, “சொரோர், தோசை ஆறுது, வா” என்று கூப்பிட்டிருக்கிறார். மகளின் முகம் மாறிவிட்டது. “அம்மா, அந்த வார்த்தையை நீ சொல்லக் கூடாது.” அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. இது ஏதாவது ரகசிய மதமா, இவளுக்கு இன்னொரு குடும்பம் வந்துவிட்டதா, சேர்க்கும்போது அடித்தார்களா, பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று கேட்கிறார். கணவரோ ஃபீஸைக் கட்ட வேண்டாம், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் “அன்புள்ள அக்காவுக்கு” என்று தொடங்குகிறது. நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, நம்மில் யார் மூத்தவர் என்பதும் தெரியாது. ஆனாலும் மனதில் இருப்பதைச் சொல்ல ஒரு அக்கா தேவைப்பட்டது, அழைத்துவிட்டீர்கள். நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். இரத்த உறவு இல்லாதவரை உறவுச் சொல்லால் அழைப்பது நமக்குப் பழகிப்போன விஷயம்தான், ஆகவே உங்கள் மகள் வாயில் வரும் சொற்கள் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அந்நியமானவை இல்லை. அவற்றுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது, அவ்வளவுதான். முதலில் அதைச் சொல்கிறேன், ஏனென்றால் எந்தச் சொல்லுக்குப் பயப்படலாம், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது அது தெரிந்தால்தான் விளங்கும்.

சொரோர் என்றால் என்ன

லத்தீன் மொழியில் ‘சொரோர்’ என்றால் உடன்பிறந்தாள். இதில் மதம் எதுவும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்களின் சங்கங்கள் 1776-லேயே தொடங்கிவிட்டன. அந்தக் காலத்தில் கல்லூரி என்றாலே கிரேக்கமும் லத்தீனும்தான், அதனால் பெயருக்குக் கிரேக்க எழுத்துகளை வைத்தார்கள், சங்கத்துக்கு ‘சகோதரர் கூட்டம்’ என்ற பொருளில் ஃப்ரட்டர்னிட்டி என்றார்கள். பெண்கள் கல்லூரிக்குள் வந்து தங்களுக்கென்று சங்கம் வைத்தபோது அதற்கு வழக்கில் ஒரு சொல்லே இல்லை. 1870-ல் இண்டியானாவில் தொடங்கிய காப்பா ஆல்ஃபா தீட்டா தன்னை ஃப்ரட்டர்னிட்டி என்றுதான் அழைத்துக்கொண்டது, இன்றும் சில பழைய பெண்கள் சங்கங்களின் சட்டப்படியான பெயரில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874-ல் காமா ஃபை பீட்டா தொடங்கியது. பெண்களைச் ‘சகோதரர் கூட்டம்’ என்பது பொருந்தவில்லையே என்று அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, 1882-ல் ‘சொரோரிட்டி’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்ததாக அவர்களின் வரலாறு சொல்கிறது. சகோதரிகளின் கூட்டம் என்ற பொதுப் பொருளில் அந்தச் சொல் ஆங்கிலத்தில் முன்பே உண்டு, கல்லூரிச் சங்கத்துக்கு அது நிலைத்தது இவர்களால்தான்.

இதோடு பலரும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் ‘சொரோசிஸ்’. 1868-ல் நியூயார்க்கில் பெண்கள் தொடங்கிய புகழ்பெற்ற மன்றத்தின் பெயர் அது. கேட்டால் சொரோருக்கு அக்கா மாதிரி இருக்கும். ஆனால் அது தாவரவியல் சொல், குவியல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பல பூக்கள் ஒன்றாகத் திரண்டு ஒரே பழமாவதற்கு அந்தப் பெயர், நம் பலாப்பழம் அதற்கு நல்ல உதாரணம். ஒரு பலாப்பழத்தின் பெயரை மன்றத்துக்கு வைக்க நினைத்த அந்தப் பெண்களை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சரி, உங்கள் மகளின் சங்கத்துக்கு வருகிறேன். வெள்ளைப் பெண்களின் சொரோரிட்டிகளில் பெரும்பாலும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ‘சொரோர்’ என்று லத்தீனிலேயே அழைப்பது கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் வேரூன்றிய வழக்கம். 1908-ல் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் ஹாவர்ட் (ஹார்வர்ட் இல்லை) பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, 1913-ல் அங்கேயே டெல்டா சிக்மா தீட்டா, 1920-ல் ஜீட்டா ஃபை பீட்டா, 1922-ல் இண்டியானாபோலிஸ் நகரில் ஏழு ஆசிரியைகள் சேர்ந்து தொடங்கிய சிக்மா காமா ரோ, இவைதான் பெரிய நான்கு. டெல்டா சிக்மா தீட்டாவின் பெண்கள் சங்கம் தொடங்கி இரண்டே மாதத்தில், 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1930-களில் மிசிசிப்பியின் ஏழைக் கிராமங்களுக்குக் கோடைதோறும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் அனுப்பிக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டது.

அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணை, படித்தவளாக இருந்தாலும் வயதானவளாக இருந்தாலும், வெள்ளைக்காரர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? வெறும் பெயரைச் சொல்லி, இல்லையென்றால் ‘ஆன்ட்டி’ என்று. மிஸ், மிஸஸ் என்ற மரியாதை அவர்களுக்குக் கிடையாது. 1963-ல் அலபாமாவில் ஒரு நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற உரிமைப் போராளியை அரசு வழக்கறிஞர் ‘மேரி’ என்று அழைத்தபோது, மிஸ் ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்று அவர் மறுத்துவிட்டார். நீதிபதி அவருக்குச் சிறையும் அபராதமும் விதித்தார். உச்ச நீதிமன்றம் 1964-ல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒரு மரியாதைச் சொல்லுக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்த நாட்டில், படித்த கறுப்பினப் பெண்கள் கூடிய ஒரு அறைக்குள் ஒருவரையொருவர் ‘சொரோர்’ என்று சொல்லி, கூடவே குடும்பப் பெயரையும் சேர்த்து அழைத்துக்கொண்டது வெறும் கல்லூரிப் பழக்கமாக எனக்குப் படவில்லை. வெளியே கிடைக்காத மரியாதையை உள்ளே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

அதனால்தான் உறுப்பினர் அல்லாதவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. உங்கள் மகள் அன்று உங்களைத் தள்ளிவைக்கவில்லை. அவளுக்கே அது புதிதாகக் கிடைத்த சொல், தன் இனத்தின் வரலாற்றிலிருந்து வராத சொல், அதை ஒழுங்காகக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றம் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும். ஆனால் சொன்ன விதம் உங்களுக்கு வலித்தது, அதை அவளிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

அறுபது வயது அம்மாள் எப்படி சகோதரி ஆனார்

இது உங்களை ஏன் குழப்பியது என்று புரிகிறது. நம் பேச்சில் அக்கா உண்டு, தங்கை உண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடையாது. சகோதரி என்பது மேடையிலும் கடிதத்திலும்தான். வயதைத் தீர்மானிக்காமல் ஒருத்தியை உடன்பிறந்தவளாக அழைக்க நம்மால் முடிவதில்லை. சொரோர் வயது பார்க்காத சொல். இந்தச் சங்கங்களில் உறுப்பினராவது வாழ்நாள் முழுவதற்கும், படிப்பு முடிந்த பிறகும் ஊர்தோறும் பட்டதாரிகளுக்கான கிளைகள் நடக்கின்றன, படிப்பு முடித்துப் பல வருடங்கள் கழித்துச் சேர்பவர்களும் உண்டு. எனவே அந்த டாக்டர் அம்மாளுக்கு உங்கள் மகள் முன்பின் தெரியாதவள் இல்லை, ஊரில் பார்த்த ஒரு உறவுக்காரப் பெண். வேலை தேடும்போது, புது ஊரில் வீடு பார்க்கும்போது, உடம்புக்கு முடியாதபோது இப்படிப்பட்ட ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்று வெளிநாட்டில் தனியாகக் குடித்தனம் தொடங்கிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற சொற்கள்

நியோ என்பது நியோஃபைட்டின் சுருக்கம், கிரேக்கத்தில் ‘புதிதாக நட்ட கன்று’. ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவரை அப்படி அழைத்தார்கள், அங்கிருந்து இங்கே வந்தது. அந்தக் கன்றுக்கு முன்பே இருந்தவர்கள் புரோஃபைட்டுகள். படித்து முடித்தவளை அலும்னா என்கிறோமே, அதற்கு லத்தீனில் ‘ஊட்டி வளர்க்கப்பட்டவள்’ என்று பொருள். பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த புன்னைக் கன்றை மகளுக்குத் தங்கை என்று சொன்ன தாய் நம் சங்கப் பாட்டில் இருக்கிறாள், இந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள்தான் நினைவுக்கு வருவாள்.

லைன் சிஸ்டர் என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்தவர்கள். முன்பு புதியவர்களைக் குள்ளமானவளிலிருந்து உயரமானவள் வரை வரிசையாக நிற்கவைத்து, வளாகத்தில் ஒரே அடியாக நடக்கவைப்பார்கள், அந்த வரிசைதான் லைன். முதலில் நிற்பவள் ஏஸ், சீட்டுக்கட்டின் ஏஸ்தான். கடைசியில் நிற்பவள் டெயில். ஒவ்வொருத்திக்கும் ஒரு எண். உங்கள் மகள் ஐந்து என்று எழுதியிருக்கிறீர்கள். சாண்ட்ஸ் என்பது அதே பருவத்தில் வேறு ஊர்க் கிளைகளில் சேர்ந்தவர்கள், ‘சுடுமணலைக் கடந்தோம்’ என்று சொல்வதன் மிச்சம். ஷ்ரைனர்ஸ் என்ற ஆண்கள் சங்கத்தின் சடங்குப் பேச்சில் அந்தச் சுடுமணல் உண்டு.

பிக், லிட்டில், ஜி-பிக் எல்லாம் அறைத்தோழியின் உலகம். நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். அவர்களிடம் ஒவ்வொரு புதியவளுக்கும் மூத்த மாணவி ஒருத்தி ‘பெரியவள்’. அந்தப் பெரியவளுக்கும் ஒரு பெரியவள் இருப்பாள், அவள் ஜி-பிக், பாட்டி முறை. ஒரே பிக்குக்கு இரண்டு லிட்டில் வந்தால் அவர்கள் இரட்டையர். இப்படி ஒரு வம்ச மரமே வரைந்துவைப்பார்கள், அதைத்தான் ஃபேமிலி என்கிறார்கள். ஹாஸ்டலில் நமக்கு வாய்த்த சீனியர் அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

நான் பயப்படும் சொல்

அது ‘பேப்பர்’. இதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் காதில் விழுந்தால் கவனியுங்கள்.

முன்பு சேர்வதற்கு முன் பல வாரங்கள் ‘பிளெட்ஜ்’ காலம் இருந்தது. பிளெட்ஜ் என்றால் பிணை, உறுதிமொழி. அந்த வாரங்களில் தூங்கவிடாமல் வைப்பது, அவமானப்படுத்துவது, அடிப்பது என்று பல இடங்களில் நடந்தது, உயிர்களும் போயின. 1990-ல் கறுப்பினச் சங்கங்களின் தலைமைகள் கூடிப் பேசி, பிளெட்ஜ் முறையே இனி வேண்டாம், விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி, சடங்கு போதும் என்று முடிவெடுத்தன. நல்ல முடிவு. ஆனால் அதற்குப் பிறகு, கஷ்டப்படாமல் வெறும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவள் என்று இளக்காரமாகச் சொல்ல ‘பேப்பர்’ என்ற சொல் வந்தது. அந்தப் பெயருக்குப் பயந்துதான் பெண்கள் இன்னும் தலைமைக்குத் தெரியாமல் நடக்கும் ரகசியப் பிளெட்ஜுக்குத் தாங்களாகவே போய் நிற்கிறார்கள். உங்கள் மகள் யாரையாவது பேப்பர் என்று சொன்னாலும் சரி, தன்னை அப்படிச் சொல்லிவிடுவார்களோ என்று தயங்கினாலும் சரி, உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

இன்னொன்று. உங்கள் பயமெல்லாம் அவளை என்ன செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. அவள் சேர்ந்து முடித்துவிட்டாள். அடுத்த லைன் வந்ததும் அவள் நியோ இல்லை, புரோஃபைட். அப்போது புதியவர்களை யாராவது வதைத்தால், அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேலும் விசாரணை வரலாம், பெரும்பாலான மாநிலங்களில் வதைக்கு எதிரான சட்டம் இருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்திய சட்டத்தின் விளக்கப்படி, புதியவள் சம்மதித்தாள் என்பதால் அது வதை இல்லை என்று ஆகிவிடாது. இதை அவளிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாமல், இனி வரப்போகும் பொறுப்பாகச் சொல்லுங்கள். அந்த மாதிரிப் பேச்சைப் பிள்ளைகள் கேட்பார்கள்.

என்ன செய்யலாம், எது வேண்டாம்

பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டால் பெரிதாக எதுவும் கிடைக்காது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து கல்விப் பதிவுகளின் மேல் உள்ள உரிமை மாணவிக்குத்தான், 1974-லிருந்து சட்டம் அப்படி. வருமான வரிக் கணக்கில் அவளை உங்களைச் சார்ந்தவளாகக் காட்டியிருந்தால் பல்கலைக்கழகம் விரும்பினால் சில விவரங்களைச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. அதோடு, நீங்கள் கூப்பிட்டது அவளுக்குத் தெரியவந்தால் அவள் உங்களிடம் இப்போது சொல்வதையும் நிறுத்திவிடுவாள். அதற்குப் பதிலாக யாரிடமும் கேட்காமலே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. நான் சொன்ன அந்தப் புதிய சட்டப்படி, வதை நடந்ததாக விசாரணையில் முடிவான சங்கங்களின் விவரத்தைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மகளின் சங்கக் கிளை அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பெயர் இல்லாததாலேயே எல்லாம் சரி என்று ஆகாது, ஆனால் பெயர் இருந்தால் பேச்சைத் தொடங்க உங்கள் கையில் ஒரு காரணம் இருக்கும்.

ஃபீஸை நிறுத்துவது வேண்டாம். உங்கள் கணவரின் கோபத்துக்குக் கீழே இருப்பது, எங்களிடம் சொல்லாமல் செய்துவிட்டாளே என்ற வருத்தம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் சொல்லாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். இந்தச் சங்கங்களில் சேர விரும்புவதையும் சேர்க்கை நடப்பதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது பழைய வழக்கம், சேர்ந்த பிறகுதான் எல்லோர் முன்னாலும் அறிவிப்பார்கள். பல அமெரிக்கத் தாய்மார்களுக்கும் கடைசியில்தான் தெரியவரும். உங்களை மட்டும் ஒதுக்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவள் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், யாரும் பிடித்துவைக்க முடியாது. ஒன்றே ஒன்று தெரிந்திருக்கட்டும். ஒரு சங்கத்தில் முறைப்படி சேர்ந்தவளை அதே வகையைச் சேர்ந்த இன்னொரு சங்கம் பிறகு எடுத்துக்கொள்ளாது. எனவே விலகுவது பற்றிய முடிவு அவளுடையதாக, கோபம் அடங்கிய பிறகு எடுத்ததாக இருக்கட்டும்.

அப்புறம், ‘இன்னொரு குடும்பம்’ என்ற உங்கள் பயம். கமலா ஹாரிஸ் 1986-ல் ஹாவர்டில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர், அவருடைய அம்மா சியாமளா கோபாலன் சென்னைக்காரர். 2020 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராக நாடே பார்க்கப் பேசியபோது, யார் யார் தன் குடும்பம் என்று வரிசையாகச் சொன்னார். அதில் தன் ‘சித்தி’களைத் தமிழிலேயே சொன்னார், கொஞ்சம் தள்ளித் தன் சொரோரிட்டியையும் சொன்னார். முப்பத்துநான்கு வருடங்கள் அந்தச் சங்கத்தில் இருந்த பிறகும் சித்தி என்ற சொல் அவரைவிட்டுப் போகவில்லை.

அடுத்த முறை மகள் வரும்போது, என்ன செய்தார்கள் உன்னை என்று ஆரம்பிக்காதீர்கள். லைனில் உனக்கு முன்னால் நின்றவள் யார், பின்னால் நின்றவள் யார் என்று கேளுங்கள். நான்காவது பெண்ணும் ஆறாவது பெண்ணும் எந்த ஊர், என்ன படிக்கிறார்கள், அவர்கள் வீட்டில் இதற்கு என்ன சொன்னார்கள் என்று பேச்சு தானாக வளரும். முடிந்தால் இருவரையும் ஒரு வார இறுதிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுத் தோசை வார்த்துக் கொடுங்கள். அவர்கள் உங்களை எப்படி அழைப்பது என்று உங்கள் மகளே சொல்லிக்கொடுப்பாள். அந்த டாக்டர் அம்மாளை மறுபடி பார்க்க நேர்ந்தால், நம் வழக்கப்படி ஆன்ட்டி என்று மட்டும் அழைத்துவிடாதீர்கள், அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு வெளியாள் வாயில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன். டாக்டர் என்று சொல்லி, அவருடைய குடும்பப் பெயரையும் சேர்த்து அழையுங்கள்.